மாட்டோட வந்தவரு

தடுப்பூசிக்குப் பயந்து வீட்டைப் பூட்டிக்கொண்டவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் அவர்களைவிட ஒரு படி மேலே போனவன். ஊசியைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லாமல் தன்பாட்டுக்குத் தீவனம் தின்றுகொண்டிருந்த ஒரு பசுமாட்டை, ஊசியிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வண்டியேற்றிக் கொண்டுபோனவன். மாட்டிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாட்டின் சொந்தக்காரியிடமும் கேட்கவில்லை. (அவள் என் மனைவி. கேட்டிருந்தால் போயிருக்க முடியாது.)

எங்கள் வீடு கேரள எல்லையில், கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில். வீட்டுக்குள் பேசுவது கோயமுத்தூர்த் தமிழ், ரேஷன் கார்டு மலையாளம், சந்தைக்குப் போவது பொள்ளாச்சி. பிழைப்பு மாந்தோப்பு. மாந்தோப்புக்காரனுக்கு வருடத்தில் ஐந்து மாதம் வேலை இருக்கும். மீதி ஏழு மாதம் கருத்துதான் இருக்கும். அந்தக் கருத்துகளை நான் சாலை முக்கில் இருக்கும் டீக்கடையில் சொல்லிவந்தேன்.

அந்தக் கடையில் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள். கொரோனா வந்த பிறகு அவை வெறும் பெஞ்சுகளாக இல்லை. முகக்கவசம் வேண்டும் என்பவர்கள் ஒரு பெஞ்சு, வேண்டாம் என்பவர்கள் எதிர்ப் பெஞ்சு. ஊசி போடுகிறவர்கள் அங்கே, கஷாயம் குடிக்கிறவர்கள் இங்கே. பிறகு அது பாக்கெட் உப்பு, நாட்டு மாடு, பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகம், சாமி கும்பிடும் முறை என்று பரவி, கடைசியில் டீயில் சர்க்கரை போடுவதா வெல்லம் போடுவதா என்பதுவரை வந்துவிட்டது. ஒரு பெஞ்சுக்காரர் சர்க்கரை கேட்டால் மறு பெஞ்சுக்காரர் வெல்லம் கேட்டே ஆகவேண்டும், அவருக்குச் சர்க்கரை வியாதியே இருந்தாலும். எங்கள் போஸ்ட்மேன் எந்தப் பக்கமும் சேர விரும்பாமல் அன்றிலிருந்து நின்றுகொண்டேதான் டீ குடிக்கிறார்.

எதிர்ப் பெஞ்சின் தலைவர் தாமோதரன் மாஷ். ரிட்டயரான அறிவியல் வாத்தியார். குரலை உயர்த்த மாட்டார். நான் கால் மணி நேரம் ஆவேசமாகப் பேசி முடித்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மலையாளத்தில் இரண்டே வார்த்தை கேட்பார்: "தெளிவு எவிடெ?" ஆதாரம் எங்கே என்று அர்த்தம். நான் உடனே போனை எடுத்து, பெயர் தெரியாத ஒரு டாக்டரின் குரல் பதிவைப் போட்டுக் காட்டுவேன். அவர் அமெரிக்காவில் பெரிய ஆராய்ச்சியாளராம். எல்லாப் பதிவிலும் அவருக்குப் பின்னால் கோழி கூவும். அமெரிக்காவிலும் கோழி இருக்காதா என்று மாஷைத் திருப்பிக் கேட்பேன்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கொரோனா ஊசி போட்டுக்கொண்டவன். எல்லையில் சான்றிதழ் கேட்டார்கள், மாங்காய் பொள்ளாச்சி போயாகவேண்டும், வேறு வழியில்லை. நாலு ஊர் தள்ளி, என்னைத் தெரியாத பஞ்சாயத்தில், நான் எதிர்த்துப் பேசிய அதே முகக்கவசத்தைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு போய்க் குத்திக்கொண்டு வந்தேன். மறுநாள் டீக்கடையில் கையைத் தூக்க முடியவில்லை. மாமரத்திலிருந்து விழுந்துவிட்டேன் என்றேன். இரண்டாவது ஊசிக்கும் அதே மாமரத்திலிருந்து விழுந்தேன். "ரெண்டு தடவையும் அதே கைதானா வீழுந்நது?" என்று மட்டும் கேட்டார் மாஷ்.

ஊர் கொரோனாவை மெல்ல மறந்தது. பெஞ்சுகளுக்கு வேலை குறைந்தது. அந்த நேரம் பார்த்து, மாடுகளுக்குக் கோமாரி ஊசி வீடு வீடாக வந்து போடப்படும் என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஊரைச் சுற்றியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மனுசனாவது பரவாயில்லை, வாய் இருக்கிறது, பேசிக்கொள்வான். மாட்டுக்காக யார் பேசுவார்கள்?

நான் பேசினேன். ஊசி போட்டால் பால் வற்றிவிடும் என்றேன். காதில் மாட்டும் மஞ்சள் வில்லைக்குள் சிப் இருக்கிறது, எந்த மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது என்று டெல்லிக்குத் தெரிந்துவிடும் என்றேன். அதைத்தான் தினம் சாக்பீஸில் பால் சொசைட்டி போர்டில் எழுதிப் போட்டிருக்கிறதே, டெல்லிக்காரன் பஸ் ஏறி வந்து பார்த்துக்கொள்ளலாமே என்றார் மாஷ். என் பெஞ்சிலேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ற ஊட்டு மாட்டு மேல ஒரு ஊசி எறங்கட்டும், அன்னைக்கு இந்தப் பெஞ்சுல ஒக்கார்றத உட்டுடறேன்" என்று எழுந்து நின்று சொன்னேன். சொல்லிவிட்டு 'நம்ம மாடு நம்ம உரிமை' என்று ஒரு வாட்ஸ்அப் குழுவும் தொடங்கினேன்.

என் வீட்டு மாடு என்றேன் அல்லவா. அந்த மாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் செவலை. நான் டீக்கடையில் நாட்டு மாட்டின் மகிமை பேசுகிறவன், ஆனால் செவலை ஜெர்சிக் கலப்பு. கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் மாமனார், மகளுக்கென்று கல்யாணத்தோடு கொடுத்த கிடாரி அது. தீவனம் வைப்பது, கழுவுவது, கறப்பது, சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றுவது எல்லாம் என் மனைவி கோகிலா. சொசைட்டிப் புத்தகத்தில் இருப்பதும் அவள் பெயர்தான். எனக்குப் பால் கறக்கத் தெரியாது. அந்த மாட்டுக்கு நான் செய்த ஒரே காரியம், சொசைட்டிக்காரர்கள் முந்தைய வருடம் காதில் மாட்டிவிட்டிருந்த மஞ்சள் வில்லையை, சிப் பற்றிய குரல் பதிவைக் கேட்ட அன்றே கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்துக் குப்பையில் போட்டதுதான். கோகிலா அன்று என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அந்தச் சமயம் செவலை கன்று போட்டு இருபது நாள் ஆகியிருந்தது. முதல் கன்று. கோகிலாவுக்கு வீட்டில் நான் ஒருவன் இருப்பதே மறந்துபோயிருந்த நாட்கள் அவை.

எங்கள் வீதிக்கு ஊசிக்காரர்கள் புதன்கிழமை வருவதாகத் தகவல். புதன் காலை கோகிலா பாலைக் கறந்து, கேனை ஸ்கூட்டரில் வைத்துச் சொசைட்டிக்குக் கிளம்பினாள். அவள் தலை மறைந்ததும், நாங்கள் குட்டியானை என்று சொல்லும் சின்ன லோடு வண்டியோடு மணியன் வந்தான். முந்தின நாளே சொல்லி வைத்திருந்தேன். செவலை ஏற மறுத்தது. நான் முன்னால் இழுக்க, மணியன் பின்னால் தள்ள, கட்டுத்தரையில் கன்று கத்த, செவலை திரும்பித் திரும்பிப் பார்க்க, ஒருவழியாக ஏற்றினோம். கன்றை ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்பீர்கள். அவ்வளவு சின்னக் கன்றுக்கு ஊசி கிடையாது. மத்தியானத்துக்குள் ஊசிக்காரர்கள் போய்விடுவார்கள், சாயந்திரம் பால் கறக்கும் நேரத்துக்குள் மாட்டைத் திரும்பக் கட்டிவிடலாம், கோகிலாவிடம் மேய்ச்சலுக்கு ஓட்டிப் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது திட்டம். (நான் மாடு மேய்த்ததே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதைத் திட்டத்தில் சேர்க்க விட்டுப்போயிற்று.)

வண்டியில் போகும்போதே குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன்: "நம்ம மாடு பாதுகாப்பான எடத்துக்குப் போய்ட்டிருக்குது. எல்லாரும் தைரியமா இருங்க." கட்டை விரல்கள் வந்து குவிந்தன. போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுக் காற்று வாங்கினேன். போகும் வழியில் செக்போஸ்டில் யாரும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் பெரியம்மா மகன் துரைசாமி அண்ணன் தோட்டம். வந்தவர்களிடம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்பது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. வந்தவர்களாகச் சொல்லும்வரை சாப்பாடு போட்டுக்கொண்டிருப்போம். ஆகவே நான் ஒரு மாட்டோடு வந்து இறங்கியதைப் பார்த்தும் அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. "வா தம்பி, மாடும் வந்திருக்குதா" என்றார். செவலையைத் தன் மாடுகளோடு நிழலில் கட்டினார். எனக்கும் மணியனுக்கும் இட்லி வந்தது. இட்லிக்குப் பின்னால் பணியாரம் வந்தது. நான் வந்த காரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொல்லிவிட்டு, கயிற்றுக் கட்டிலில் சித்த நேரம் கண்ணயர்ந்தேன்.

எழுந்து கட்டுத்தரைக்குப் போனபோது செவலையின் காதில் ஒரு மஞ்சள் வில்லை தொங்கிக்கொண்டிருந்தது. புத்தம் புதுசு.

"என்னங்ண்ணா இது?"

"அதுவா? இன்னைக்குக் கோயல் மைதானத்துல கோமாரி ஊசி போட வந்திருந்தாங்க தம்பி. என்ற நாலு மாட்ட ஓட்டிட்டுப் போனேன், உன்றதையும் ஓட்டிட்டுப் போயிட்டேன்."

"எம் மாட்டுக்குமாங்ண்ணா?"

"வெளியூரு மாட்டுக்குப் போட மாட்டேன்னுதான் சொன்னாங்க. இதும் என்றதுதானுங்கன்னு என்ற பேரக் குடுத்துட்டேன். வந்த எடத்துல மாட்டச் சும்மா அனுப்பினா நல்லாவா இருக்கும்? காதுல முன்னாலயே ஓட்டை இருந்துச்சு, வில்லை மாட்டறதுக்குச் சுளுவாப் போச்சு."

அந்த மனுசன் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எனக்குச் சட்டை எடுத்துக் கொடுத்திருந்தால்கூட அவ்வளவு சந்தோசப்பட்டிருக்க மாட்டார். ரொம்ப நன்றிங்ண்ணா என்றேன். கிளம்பும்போது பையில் நாலு தேங்காயும் வைத்தார்.

திரும்பி வரும் வழியில் ஒரு காரியம் யோசித்தேன். வில்லையைத் திரும்பவும் வெட்டி எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கட்டிங் பிளேயர் வீட்டில் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு முன்னால் செக்போஸ்ட் வந்துவிட்டது.

போகும்போது திரும்பிப் பார்க்காத செக்போஸ்ட், வரும்போது குச்சியை இறக்கிவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து வரும் கால்நடைகளை மட்டும்தான் அவர்கள் பார்ப்பார்களாம். கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண் அதிகாரி. செவலையின் காதைப் பிடித்து, வில்லையில் இருந்த எண்ணைப் போனில் தட்டிப் பார்த்தார்.

"துரைசாமி நிங்ஙளாணோ?"

"இல்லைங்க மேடம். அவரு எங்கண்ணன்."

"ஊசி இன்னு ராவிலெ வச்சதாணு."

இன்று காலையில்தான் ஊசி போட்டிருக்கிறது, தமிழ்நாட்டு மாடு, ஊசி போட்டுச் சில நாள் கழிந்த சான்று இருந்தால்தான் உள்ளே விட முடியும் என்றார். நான் சிரித்துக்கொண்டே, இது தமிழ்நாட்டு மாடே இல்லை, காலையில்தான் இதே வழியாகப் போனது, கேரளத்து மாடு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"தெளிவு எவிடெ?"

மூன்று வருடமாக அந்தக் கேள்விக்கு நான் குரல் பதிவு போட்டுக் காட்டியவன். கை தன்னால் போனை நோக்கிப் போனது. செவலை கேரளத்து மாடு என்று சொல்லும் அமெரிக்க டாக்டர் யாரும் இல்லை. இருந்த ஒரே தெளிவு, நான் வெட்டிக் குப்பையில் போட்ட பழைய வில்லை. அதை ஏன் வெட்டினேன் என்று ஓர் அரசாங்க அதிகாரியிடம் விளக்க எனக்குத் துணிவு வரவில்லை. பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அதுக்கு மலையாளம் புரியுமுங்க மேடம்."

அவர் பொறுமைசாலி. செவலையைப் பார்த்து, "இங்ஙோட்டு வா" என்றார். செவலை அசையவில்லை. வீடு இருக்கும் திசையைப் பார்த்து ஒரு தடவை கத்தியது. அதிகாரி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

மணியனுக்கு இரண்டு மணிக்கு இளநீர் லோடு இருந்தது. அவன் ரொம்பப் பணிவாக மாட்டை இறக்கி, கயிற்றை என் கையில் கொடுத்து, தேங்காய்ப் பையைக் காலடியில் வைத்துவிட்டு, காலி வண்டியோடு எல்லையைத் தாண்டிப் போய்விட்டான். தோட்டத்து வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி வழியாக மாட்டை நடத்திக் கூட்டிப்போக வேண்டியதுதானே என்கிறீர்கள். நானும் நினைத்தேன். வில்லை எண்ணோடு என் பெயரும் போன் நம்பரும் அதற்குள் நோட்டில் ஏறியிருந்தன. என் உரிமைகளைப் பற்றிப் பேசும்போது நானேதான் எழுதிக்கொள்ளுங்கள் என்று கொடுத்திருந்தேன்.

வெயில் ஏறியது. செவலையின் மடி கனத்துக்கொண்டே வந்தது. இருபது நாள் கன்றுக்காரி. கன்று குடிக்காமல் மடி கல்லாகி, காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டத் தொடங்கியது. அது பின்னங்காலை அகட்டிக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்துக் கத்தியது. கறந்துவிட்டால் வலி குறையும் என்று ஒருவர் சொன்னார். குனிந்து காம்பைப் பிடித்தேன். செவலை விட்ட உதையில் தேங்காய்ப் பை மேல் போய் உட்கார்ந்தேன். கோமாதாவைப் பற்றி எத்தனை நாள் பேசியிருப்பேன். அதன் மடியில் எப்படிக் கை வைப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. மாட்டின் வலியை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அங்கே வீட்டில் கன்று பட்டினி கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நான் வாங்கிய கட்டை விரல்கள்.

அதற்குள் சுற்றி ஒரு கூட்டம். எல்லாம் செக்போஸ்டில் நின்ற லாரிக்காரர்கள். இரண்டு நிமிடத்தில் அங்கே இரண்டு பெஞ்சு உருவாகிவிட்டது, பெஞ்சு இல்லாமலேயே. ஊசி நல்லது என்று ஒரு பக்கம், கெட்டது என்று ஒரு பக்கம். மீசை வைத்த ஒருவர் என் பக்கம் நின்று ஆவேசமாகப் பேசினார்.

"ஊசி போட்ட மாட்டுப் பால மூணு மாசத்துக்குத் தொடப்படாது. கன்னு குடிச்சா அன்னைக்கே சோலி முடிஞ்சுது. பெரிய டாக்டரே சொல்லியிருக்காரு, கேளுங்க" என்று போனை எடுத்து ஒரு குரல் பதிவைப் போட்டார்.

பின்னால் கோழி கூவியது. குழு தொடங்கிய அன்றைக்கே நான் அதில் போட்ட அதே பதிவு. எத்தனை போன் சுற்றி அங்கே வந்ததோ தெரியாது. நான் அதை முழுசாகக் கேட்டதுகூட இல்லை. தலைப்பு நன்றாக இருந்தது, அனுப்பிவிட்டேன்.

எனக்குக் கண்ணுக்குள் இருந்தது, கட்டுத்தரையில் கத்திக்கொண்டிருக்கும் கன்று மட்டும்தான். இந்தப் பாலைத்தான் அது குடித்தாகவேண்டும். வேறு பால் கிடையாது. என்னை அறியாமல் அந்த மீசைக்காரரைப் பார்த்துக் கத்தினேன்:

"தெளிவு எவிடெ?"

எனக்குப் பின்னால் யாரோ இருமும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பொள்ளாச்சியிலிருந்து வந்த பஸ் செக்போஸ்டில் நின்றிருந்தது. மூன்றாவது ஜன்னலில் தாமோதரன் மாஷ், மடியில் கண் ஆஸ்பத்திரிப் பையோடு. எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பஸ் கிளம்பியது.

அதிகாரி, மாட்டின் உண்மையான சொந்தக்காரர் யாரோ அவரை வரச்சொல்லுங்கள் என்றார். போனை எடுத்துப் பார்த்தேன். கோகிலாவிடமிருந்து பத்தொன்பது தவறிய அழைப்புகள்.

"எங்கீங்க இருக்கீங்க?"

"செக்போஸ்டுல."

"மாடு?"

"எங்கூடத்தான் நிக்குது."

கன்று கத்துவது மட்டும் போனில் கேட்டது.

"அங்கயே இருங்க. நான் வர்ற வரைக்கும் பேசாதீங்க."

"யாருகிட்ட?"

"யாருகிட்டயும்."

அரை மணியில் கோகிலாவின் ஸ்கூட்டர் வந்தது. அவள் காலடியில், கழுத்துவரை சாக்குப்பைக்குள் உட்கார்ந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கன்றும் வந்தது. இறங்கினாள். என்னைப் பார்க்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து மூன்று சாமான்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். சொசைட்டிப் புத்தகம். நான் குப்பையில் போட்ட பழைய மஞ்சள் வில்லை, கழுவித் துடைத்தது. மூன்றாவது ஒரு அட்டை. அதில் கோமாரி ஊசி போட்டதற்கான கையெழுத்து இருந்தது. தேதி, முந்தின ஞாயிற்றுக்கிழமை.

"ஞாயித்துக்கெழமையா?" என்றேன். பேசக்கூடாது என்பது மறந்துபோயிற்று.

"நீங்க டீக்கடைல எந்திரிச்சு நின்னு சபதம் போட்டீங்களாமா, அன்னைக்கு" என்றாள் அட்டையைப் பார்த்துக்கொண்டே. "அந்த நேரத்துலதானுங்க மாட்டாஸ்பத்திரி இன்ஸ்பெக்டர் சார் பக்கத்து ஊட்டு மாட்டப் பாக்க வந்தாரு. கையோட கூப்புட்டுப் போட்டுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"உங்ககிட்டச் சொன்னா ஒரு மணி நேரம் பேசுவீங்க. ஊசி போட ஒரு நிமிசந்தான் ஆச்சு."

ஆக, மூன்று நாளைக்கு முன்பே ஊசி போட்டிருந்த மாட்டைத்தான் நான் ஊசியிலிருந்து காப்பாற்ற மாநிலம் கடத்தி, இன்னொரு ஊசி போட்டுக் கூட்டிவந்திருந்தேன். அந்த வட்டாரத்திலேயே இரண்டு மாநிலத்து ஊசியும் போட்டுக்கொண்ட ஒரே மாடு, ஊசி எதிர்ப்புக் குழுத் தலைவர் வீட்டு மாடு. அதிகாரி அட்டையையும் வில்லையையும் மாறி மாறிப் பார்த்தார். யாரோ டாக்டருக்குப் போன் போட்டு விவரம் சொன்னார். சொல்லும்போது இரண்டு தடவை சிரிப்பை அடக்கிக்கொண்டார். இரண்டு ஊசியானாலும் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது, கன்று பால் குடிக்கலாம் என்று பதில் வந்தது. ஆனால் இந்த அட்டையில் இருக்கும் மாடுதான் இது என்பதற்கு என்ன தெளிவு என்று அவர் கேட்க வாயெடுத்தபோது, கோகிலா கன்றைச் சாக்கிலிருந்து அவிழ்த்துவிட்டாள்.

கன்று நேராகச் செவலையின் மடிக்குப் போய் முட்டியது. செவலை அதன் முதுகை நக்கிக்கொண்டு, காலை அகட்டி, அசையாமல் நின்றது. வாயோரம் நுரை வழிய வழியக் கன்று குடித்தது. லாரிக்காரர்கள் இரண்டு கட்சியும் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். நான் அழுதேன் என்று கோகிலா சொல்வாள். வெயில் என்று நான் சொல்வேன்.

அதிகாரி நோட்டை மூடினார். "பசு நிங்ஙளுடேதாணு, சரி" என்று கோகிலாவிடம் சொன்னார். பிறகு பேனாவை என் பக்கம் நீட்டினார். "இயாளோ?"

இவர் யார் என்று கேட்கிறார். கோகிலா அன்று முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். சட்டையெல்லாம் சாணி, கையில் தேங்காய்ப் பை. என் கல்யாண வாழ்க்கையே அந்தப் பதிலில் தொங்கியது. அவள் கொஞ்சம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"அவரு மாட்டோட வந்தவருங்க" என்றாள்.

கன்றை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கோகிலா மெதுவாக முன்னால் போனாள். கன்றைப் பார்த்துக்கொண்டு செவலை பின்னால் நடந்தது. செவலைக்குப் பின்னால் நான். கயிற்றைப் பிடிக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. செவலைக்கு மறுநாள் பால் கொஞ்சம் குறைந்தது, அதற்கு மறுநாள் பழையபடி வந்துவிட்டது. குழுவில் யாரோ ஒருவர், தேங்காய்ப் பை மேல் நான் உட்கார்ந்திருக்கும் படத்தைப் போட்டிருந்தார். அதற்கும் கட்டை விரல்கள் வந்தன.

சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. அடுத்த மாதம் எங்கள் வீதிக்குக் கோமாரி வந்தது. என் பெஞ்சில் உட்கார்ந்து என் பேச்சை நம்பிய கிட்டுசாமி, தன் இரண்டு மாட்டுக்கும் ஊசி போடாமல் விட்டிருந்தான். வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் ஒழுக, கால் ஊன்ற முடியாமல் அவை நின்றதை நான் பார்த்தேன். பத்து நாள் காலையும் மாலையும் போய் அவனோடு வாயைக் கழுவிவிட்டு, கஞ்சி ஊற்றினேன். உயிர் பிழைத்தன, பால் பழையபடி வரவே இல்லை. கிட்டுசாமி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்தப் பத்து நாளில் ஒருநாள் குழுவைக் கலைத்தேன்.

டீக்கடைக்கு நான் போக ஒரு மாதம் ஆனது. போட்ட சபதப்படி பெஞ்சில் உட்காரவில்லை. போஸ்ட்மேன் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். மாஷ் எனக்கு ஒரு டீ சொன்னார். சர்க்கரையா வெல்லமா என்று கடைக்காரர் கேட்டபோது, "அவரோடு சோதிக்கூ" என்றார், அவரையே கேளுங்கள் என்று. நான் இன்றுவரை நின்றுதான் குடிக்கிறேன். கோகிலாவிடம் கெஞ்சிப் பால் கறக்கவும் கற்றுக்கொண்டேன். செவலை இன்னும் உதைக்கிறது, ஆனால் முன்போல் மனசார இல்லை.

துரைசாமி அண்ணனிடம் நான் உண்மையைச் சொல்லவே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் போனுக்கு, உங்கள் மாட்டுக்கு ஊசி போடும் நாள் வந்துவிட்டது என்று தகவல் போகிறது. உடனே கூப்பிடுகிறார். "தம்பி, செவலைக்கு ஊசி வந்திருக்குது. எப்பக் கூட்டியார்றே?"

எங்களுக்கு இப்போது ஒரு மகள். பேச்சு அம்மாவைப் போல, சுருக்கமாக. பிறந்ததிலிருந்து அவளுடைய ஒவ்வொரு ஊசிக்கும் கோகிலா என்னைக் கூட்டிப்போகிறாள், ஆனால் குழந்தையை என் கையில் கொடுப்பதில்லை. கேட்டால், பொள்ளாச்சி பஸ் அந்த வழியாகத்தான் போகிறது என்கிறாள். சென்ற முறை அங்கன்வாடியில் போலியோ சொட்டு மருந்து கொடுத்தார்கள். மருந்து ஊற்றும் அம்மா புதிதாக வந்தவர். மகளின் நாடியைப் பிடித்து, மோள் யாரோடு வந்தாய் என்று கொஞ்சலாகக் கேட்டார்.

"அம்மாவோட."

"அப்போ இதாரா?" என்று என்னைக் காட்டினார்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவைப் போலவே கொஞ்சம் யோசித்தாள்.

"இவரு மாட்டோட வந்தவரு" என்றாள்.

அந்த அம்மா எழுந்து ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தார். மாடு எதுவும் வரவில்லை என்று நானேதான் சொல்லவேண்டியிருந்தது.